தேங்காய் மேல் போட்ட பழி

ஜார்ஜ் டவுன், பினாங்கு
19 ஏப்ரல் 2026

அன்பு மகள் ஈஸ்வரிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், கடை நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடுகிறது, முருகன் புண்ணியத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. டனீடினில் இப்போதே குளிர் இறங்கிவிட்டதாமே, அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கிஷனும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்பதைத்தான் காலையில் விளக்கேற்றும்போது நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்கிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அப்புறம் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. குரலைப் பதிவு செய்து அனுப்பலாம் என்றால், அப்பா பேசுவதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக மாப்பிள்ளை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. கையை மேசைமேல் வைத்துக்கொண்டால் எழுத வருகிறது, தோளுக்கு மேலே தூக்கத்தான் வரவில்லை. மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டு காகிதத்தைத் தபாலில் போடுவேன்.

விஷயம் இதுதான். கிஷனுக்கு ஆறு வாரத்தில் போடவேண்டிய தடுப்பூசிக்கு வாங்கியிருந்த தேதியை நீ ரத்து செய்துவிட்டாய் என்று மாப்பிள்ளை போன வாரம் எனக்குச் சொன்னார். அப்பாவை ஊசி போட்டுக்கச் சொன்னது நான்தான், அவர் கை போச்சு, இப்ப பிள்ளைக்கும் ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது என்று சொன்னாயாம். அவர் உன்னைக் குறை சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் என்னிடம் சொன்னார். அதனால் அவரிடம் கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு ஒன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டது நினைவிருக்கிறதா. தாதிகள் வந்து இறங்கிய காடியைப் பார்த்ததுமே நீ ஓடிப்போய்ச் சிற்றுண்டிச்சாலை பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய். யார் கூப்பிட்டும் வரவில்லை. கடைக்குப் போன் வந்தது. மிளகாய் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். உன்னை மெல்ல இழுத்து மடியில் உட்காரவைத்து வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறும்போது நீ சத்தமே போடவில்லை. பயத்தில் கன்னத்தில் வழிந்திருந்த கண்ணீரை நான் துடைத்துவிட்டேன், அப்போதுதான் கூரை பறக்கிற மாதிரி அலறினாய். என் விரலெல்லாம் மிளகாய்த் தூள். ஊசி போட்டது நானு, புள்ளைய அழ வச்சது நீங்களா என்று அந்தத் தாதி எல்லார் எதிரிலும் என்னைப் பிடித்துத் திட்டினாள். சாயங்காலம் வரை அம்மா என்னோடு பேசவில்லை. அப்புறம் ரொம்ப நாளைக்கு, ஊசி வலிச்சுதா என்று யார் கேட்டாலும், ஊசி வலிக்கல, அப்பாதான் எரிஞ்சாரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். இப்போது கடையில் மூட்டை பிரிக்கிற வாசனை வரும்போதெல்லாம் அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. வயதாகிவிட்டது, வேறென்ன.

கைக்கு என்ன நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதி அம்மா சொல்லியும் பாதி நான் மறைத்தும் வந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் உண்மை வராது. பொங்கல் முடிந்த மறு வாரம் கிளினிக்கில் அந்தச் சளிக்காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். குழந்தையைப் பார்க்க வரும்போது இருமிக்கிட்டு வராதீங்கப்பா என்று நீ சொன்னது உண்மைதான், ஆனால் நான் போட்டுக்கொண்டது எனக்கும் புத்தி இருக்கிறது என்பதால். இரண்டு நாள் லேசான வலி, அவ்வளவுதான், மறந்தும் போனேன். பத்து நாள் கழித்துத் தைப்பூசம். கடை ஆரம்பித்த வருடத்திலிருந்து தேர் வரும் வழியில் நூற்றொரு தேங்காய் உடைப்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் தெறிக்கிற ஓட்டுக்குப் பயந்து என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் எத்தனைப்பா என்று எண்ணிக்கொண்டிருப்பாய். இந்த வருடம் பேரன் பிறக்கப்போகிறான் என்று இருநூற்றொன்றாக வேண்டிக்கொண்டேன். பாதியில் அடுத்த ஆளிடம் கொடுத்தால் வேண்டுதல் என்னாவது, எல்லாவற்றையும் ஒரே கையால் ஓங்கி ஓங்கி நானே அடித்தேன். எதிர்க்கடை முஸ்தஃபா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சாமி அண்ணே, பேரன் வர்றதுக்குள்ள ரோட்டயே உடைச்சிடுவீங்க போலயே, பார்த்து லா என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வலது தோளில் பிடித்தது. பதினாறு வயதில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி இந்தப் பக்கம் வந்தவன், அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் சுமந்துதான் ஆள் ஆனவன், எனக்கு உடம்பு வலி புதிதில்லை. ஆனால் இது வேறு. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி, கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். இருநூற்றொரு தேங்காய், அறுபத்தாறு வயசு, வேற என்ன ஆகும் என்றாள் அம்மா. நானும் அதையேதான் சொன்னேன். கடைக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பினாங்கில் தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒருவன் கை வலிக்கிறது என்றால் யாரும் வேறு காரணம் கேட்பதில்லை. அக்கரையில் பாகான் டாலாமில் இர்வான் என்று ஒரு மலாய்க்காரர், சுளுக்குக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுவதில் பேர் போனவர், அவரிடம் இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை அவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். சாமி, இது சுளுக்கு இல்ல லா, என்கிட்ட நேரத்தப் போக்காத, டாக்டரப் பாரு என்றார். நம் ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். நேர்மையான மனுஷன். நான்தான் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் வலி குறைய ஆரம்பித்துவிட்டது. ஆஹா சரியாகிவிட்டது என்று முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டப் போனேன், கை மேலே போகவில்லை. தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. வலி போகப் போகப் பலமும் கூடவே போய்விட்டது. அம்மா முதுகைப் பார்த்துவிட்டு, தோள்பட்டை எலும்பு கோழி இறக்கை மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது என்று அழுதாள். அந்த நிலையில் என்னை விட்டுவிட்டு அவள் உன் பிரசவத்துக்கு எப்படி விமானம் ஏறுவாள். வயிற்றில் பிள்ளையோடு நீ வழி பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவுக்குச் சுளுக்கு, டிக்கெட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று போனில் உனக்குப் பொய் சொன்னேன். உன் மாமியார் வந்து பார்த்துக்கொண்டார்கள், அவர்களுக்கு நான் கடமைப்பட்டவன், ஆனால் உன் அம்மா அங்கே இருந்திருக்க வேண்டிய இடம் அது. அந்த உறுத்தல் கை சரியானாலும் போகாது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நஸீஹா என்று ஒரு நரம்பு டாக்டர், நம் தமிழ் முஸ்லிம் பெண், உன் வயதுதான் இருக்கும். நரம்பில் லேசாக மின்சாரம் விட்டுச் சோதனை செய்தார், படம் எடுத்தார். கழுத்திலிருந்து தோளுக்கும் கைக்கும் போகிற நரம்புக் கொத்தில் அழற்சி என்றார். முதலில் கடுமையான வலி, வலி அடங்கியதும் தசை சோர்ந்து மெலிவது, இதுதான் அந்த நோயின் வழக்கமாம். போன ஒரு மாதத்தில் காய்ச்சல், ஆபரேஷன், ஊசி, கடுமையான வேலை ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் தேங்காய் என்றேன், அம்மா ஊசி என்றாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். ஐயா, ஊசிக்கு அப்புறம் வந்திருக்கு, அது நிஜம், நான் ஃபாரம் நிரப்பி மேல அனுப்பப் போறேன், ஆனா ஊசியாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, காய்ச்சலுக்கு அப்புறமும் வரும், கையைப் போட்டு வருத்தினாலும் வரும், ஒண்ணுமே இல்லாமலும் வரும் என்றார். நான் வியாபாரி, எத்தனை பேரில் ஒருவருக்கு வரும் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டேன். ஊசிக்கு அப்புறம் இப்படின்னு என்கிட்ட வந்தது, இத்தனை வருஷத்துல நீங்க ரெண்டாவது ஆளு என்றார். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், கொஞ்சம் பலக்குறைவு நிற்கவும் கூடும் என்று ஒளிக்காமல் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறேன். போன மாதம் இடுப்பு வரைக்கும் வந்த கை இப்போது மார்பு வரைக்கும் வருகிறது.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தேன், வாசலில் நாலைந்து பேர், என்ன ஆச்சு என்று கேட்டார்கள். டாக்டர் சொன்ன அத்தனையையும் விட்டுவிட்டு, எல்லாம் அந்த ஊசி பண்ணின வேலை, இனிமே எவனும் என் வீட்டுப் பக்கம் ஊசின்னு வரக்கூடாது என்று கத்தினேன். அதுவரை தேங்காய் மேல் கிடந்த பழியைத் தூக்கி ஊசி மேல் போட்டது அம்மா இல்லை, நான்தான். கோபத்தில் பேசினேன், இரண்டு நாளில் கோபம் போய்விட்டது, ஆனால் பேச்சு போகவில்லை. முஸ்தஃபாவுக்கு அறுபத்து மூன்று வயது, நெஞ்சில் சளி கட்டுகிற உடம்பு, அவர் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிக்குப் போகாமல் இருந்துவிட்டார். அப்புறம் நான் அவர் கடையில் போய் உட்கார்ந்து அரை நாள் பேசி, நானே கூட்டிப்போய்ப் போடவைத்தேன். ஒரு கையைத் தொங்கப்போட்டுக்கிட்டு என்னை ஊசிக்குக் கூட்டிப் போறீங்களே அண்ணே, உங்களப் பார்த்தா மத்தவன் ஓடிடுவான் என்றார். அவரைத் திருப்பிவிட்டேன். அம்மாவைத் திருப்ப முடியவில்லை. நான் கத்தியதை அவள் மனதில் பூட்டி வைத்துக்கொண்டு, உங்கப்பா கையப் பாரு, புள்ளைக்கு இதெல்லாம் வேணாம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு மூட்டையில் பூச்சி இருந்தால் கப்பல் சரக்கையே கடலில் கொட்டுகிறவன் வியாபாரம் செய்ய முடியாது என்று இத்தனை வருடம் எல்லோருக்கும் புத்தி சொன்னவன் நான். என் சொந்தக் கை என்று வந்ததும் அந்தக் கணக்கு எனக்கே மறந்துபோனது.

உன் குணவதி அத்தைக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. என் கை விழுந்தபோதே பாகான் டாலாமிலிருந்து போன் செய்து, என்னண்ணே, எனக்குத் துணைக்கு வந்துட்டியா, நான் காலு, நீ கை, ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு என்று சிரித்தவள்தான். பேரனுக்கு ஊசியை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாக ஃபெரி ஏறி வந்துவிட்டாள். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போவோமே, காடியும் ஆட்களுமாக அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகிற அந்தப் பழைய பெரிய ஃபெரி, அதில் என் வலது தோளில் உட்கார்ந்துகொண்டு காற்றில் வாயைத் திறந்து வைத்திருப்பாய். இப்போது அந்த ஃபெரி இல்லை, சின்னப் படகுகள்தான், ஏறி இறங்க அத்தைக்குச் சிரமம். வந்தவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, காலில் மாட்டியிருந்த இரும்புக் கட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பாவாடையை முட்டி வரை தூக்கி அந்தக் காலை அம்மாவுக்கு எதிரே முக்காலி மேல் வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதை யாருக்கும் காட்டியதில்லை. அண்ணி, அண்ணன் கை மெலிஞ்சத ரெண்டு மாசமாப் பார்த்துப் பயந்துட்டீங்க, முப்பத்தெட்டு வருஷமா நான் உங்க முன்னால நடந்துக்கிட்டு இருக்கேனே, இதப் பார்த்துப் பயம் வரலியா என்றாள்.  

அத்தையின் கால் எப்படி ஆனது என்று நீ கேட்டபோதெல்லாம் சின்ன வயதில் காய்ச்சல் வந்தது என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன். இப்போது சொல்கிறேன். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம், எனக்குப் பதினோரு வயது, அவளுக்கு நாலு. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்க டிரசர் ஒருவர்தான். அவர் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கள் அப்பாவை வெளியே கூட்டிப்போனார். இளம்பிள்ளை வாதம். மறு வருடம் எங்கள் தோட்டத்துக்குச் சொட்டு மருந்து வந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சர்க்கரைக் கட்டியில் விட்டு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். நான் குணாவை முதுகில் தூக்கிக்கொண்டு நின்றேன். அது வராமல் தடுக்கிற மருந்து என்று எனக்குத் தெரியாது, கால் நேராகிற மருந்து என்று நினைத்துக்கொண்டு, எனக்குக் கொடுத்ததையும் யாரும் பார்க்காத நேரத்தில் அவள் வாயில் போட்டுவிட்டேன். ஒரு மாதம் தினமும் காலையில் அவள் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதைப் பற்றி இன்று வரை யாரிடமும் பேசியதில்லை, அவளிடமும்கூட. செவ்வாய்க்கிழமை அவள் காலை மறுபடி பார்த்தபோதுதான் அந்தச் சர்க்கரைக் கட்டி நினைவுக்கு வந்தது. ஈஸ்வரி, என் கை மெலிந்திருக்கிறது, ஆனால் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அவள் கால் அப்படியேதான் இருக்கிறது.

அதனால் அப்பா சொல்வதைக் கேள். உன் தப்பு எதுவும் இல்லை. நீ சொன்ன ஊசியும் சரி, நான் உடைத்த தேங்காயும் சரி, இரண்டும் அந்தப் பிள்ளைக்காகச் செய்தது, இரண்டில் எது என்று டாக்டருக்கே தெரியாதபோது நீ எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாய். டாக்டர் நஸீஹாவிடம் பேரனைப் பற்றியும் கேட்டுவிட்டேன். நம் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். அப்ப தாத்தாவுக்கு வந்துச்சுன்னு பேரனுக்கு நிறுத்தக் காரணமே இல்ல, மனசு கேக்கலைன்னா அங்க டாக்டர்கிட்ட இதைச் சொல்லிட்டுப் போடச் சொல்லுங்க என்றார். நீயும் அப்படியே செய். ஒன்றையும் மறைக்காதே, தாத்தாவுக்கு நடந்ததைச் சொல், கேட்க நினைப்பதையெல்லாம் கேள், பதில் வாங்கிக்கொண்டு அன்றைக்கே போட்டுவிட்டு வா. இன்னொரு நாளுக்குத் தள்ளாதே, தள்ளினால் பயம்தான் வளரும். குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொள்ள உனக்கு மனசு வராது, மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல். எனக்கு வேண்டிய ஊசியை இனிமேல் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்வேன், அது என் பாடு.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை நேற்றுப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம் அங்கிருந்தே, ஊசி போட்டு வந்தா உடம்பு சுடும், அன்னிக்குப் புள்ளையக் குளிப்பாட்ட வேணாம்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், தண்ணீர்மலையான் முருகன் துணையோடு, ஒருவருக்கொருவர் ஆதரவாக நீண்ட நாள் வாழவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், பால் கொடுக்கிறவள் வயிற்றைக் காயப்போடாதே. தேதி வாங்கியதும் எனக்கு ஒரு வரி போட்டால் போதும், மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதவேண்டாம். ஊசி போட்ட உடனே கிஷனைப் படம் பிடித்து அனுப்பு. அவன் தூக்கத்தில் சிரிக்கிற படம் எங்களிடம் நிறைய இருக்கிறது, எனக்கு அவன் வாயைப் பிளந்துகொண்டு அழுகிற படம் வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
பக்கிரிசாமி